மூடியதிகாரம்: சிறுமுற்றத்துக்கு உரிய ஒற்றைக் கிரில் அடுப்பைத் தெரிவு செய்தல் குறித்த ஓர் ஆய்வு

இடம் குறைந்த வீட்டின் பின்புறத்தில் ஒரே ஒரு கிரில் அடுப்புதான் வைக்க முடியும். அதிலேயே வாட்டவும் வேண்டும், முழுக்கோழியை வேகவிடவும் வேண்டும், மணிக்கணக்கில் புகையூட்டவும் வேண்டும் என்றால் எதை வாங்குவது? மே மாதக் கடைசியில் மெமோரியல் டே விடுமுறை நெருங்கும்போதெல்லாம் அமெரிக்கக் குடும்பங்களை வாட்டும் இந்த வினாவுக்கு இதுவரை சொல்லப்பட்ட விடைகள் அனைத்தும் எரிபொருளைப் பற்றியவை. கரியா, எரிவாயுவா, மரக்குளிகையா, மின்சாரமா என்று நான்கு கட்சி கட்டி அறிஞர்கள் மோதிக்கொள்கிறார்கள். ஒரு கட்சியின் எழுத்தை மறுகட்சி படிப்பதில்லை. படிக்காமலே மறுப்பதால்தான் மறுப்புரைகள் இவ்வளவு விரைவாக வெளிவருகின்றன. இந்தப் பகுப்பு முறையே பிழை என்பதும், கிரில் அடுப்பை அதன் மூடியைக் கொண்டுதான் வகைப்படுத்தவும் வாங்கவும் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். கருதுகோள் முதலிலேயே முடிவாகிவிட்டபடியால் சான்று திரட்டுவதில் சிரமம் ஏதும் ஏற்படவில்லை.

முதலில் சிறிய இடம் என்பதற்கு இலக்கணம் வகுக்க வேண்டும். சதுர அடிக் கணக்கு இதற்கு உதவாது. சமைப்பவர், அடுப்பு, கழற்றிய மூடி ஆகிய மூன்றும் ஒரே வேளையில் இருக்க முடியாத இடமே சிறிய இடம். எந்த இரண்டும் இருக்கலாம், மூன்றாவது வந்தால் ஒன்று வெளியேற வேண்டும். பால்டிமோர், பிலடெல்பியா போன்ற நகரங்களின் வரிசை வீடுகளுக்குப் பின்னால் உள்ள சிமெண்டு முற்றம் இந்த இலக்கணத்துக்குள் அடங்கும். அடுக்குமாடி பால்கனியும் அடங்கும். ஆனால் அங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் தழுவியுள்ள சர்வதேசத் தீ விதித்தொகுப்பு, எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள் கரியடுப்பை மூட்டக் கூடாது என்கிறது. 5 அடி அகலப் பால்கனியில் 10 அடி விலக வேண்டுமானால் அடுப்பு அந்தரத்தில்தான் நிற்க வேண்டும். ஓரிரு குடும்பங்கள் மட்டும் வாழும் வீடுகளுக்கும், தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான் பொருத்திய பால்கனிகளுக்கும் அந்த விதியில் விலக்கு உண்டு. ஊருக்கு ஊர் திருத்தமும் உண்டு. விலக்குக் கிடைக்காதவர்கள் மின்சாரக் கிரில் ஒன்றை வாங்கிக்கொண்டு இந்தப் பத்தியோடு விடைபெறலாம்.

எஞ்சியோர் கவனத்துக்கு: மூடி நோக்கில் அடுப்புகள் மூவகைப்படும். அவை மூடியிலி, கீல்மூடி, கழல்மூடி என்பன. மூடியிலிக்கு ஜப்பானிய ஷிச்சிரின் சான்று. அருமையாகச் சுடும், புகையூட்டாது, ஆகவே நீக்கப்படுகிறது. ஓரிகன் மாநிலத்து ஜோ டிரேகர் 1986இல் காப்புரிமை பெற்ற மரக்குளிகை அடுப்பு கீல்மூடி இனம், திருகுதண்டால் தனக்குத் தானே எரிபொருள் ஊட்டிக்கொள்ளும் அளவுக்கு அறிவுடையது, ஆனால் பிளக் பாயிண்ட் கேட்கும், நீக்கப்படுகிறது. டெக்சாஸ் பாணியில் பக்கவாட்டுத் தீயறை கொண்ட புகையடுப்பு, நீளத்தால் நீக்கப்படுகிறது. கரித்துண்டு வியாபாரத்துக்கும் ஹென்றி ஃபோர்டின் கார்த் தொழிற்சாலையில் மிஞ்சிய மரக்கழிவுக்கும் உள்ள தொடர்பு மிகவும் சுவையானது. அந்தக் காரணத்தாலேயே ஆய்வு எல்லை கருதி விடப்படுகிறது.

மூடியின் முதன்மைக்கு வரலாறு சான்று தருகிறது. 1952இல் சிகாகோ வட்டாரத்தில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வொர்க்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன், அங்கே நீர்மிதவைகளுக்காகச் செய்துவந்த உலோகக் கோளத்தை இரு பாதியாக்கி, கீழ்ப்பாதிக்குக் கால் வைத்தார், மேல்பாதிக்குக் கைப்பிடி வைத்தார். அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த திறந்த அடுப்புகளில் காற்றடித்தால் சாம்பல் பறந்தது, தூறல் விழுந்தால் விருந்து கலைந்தது. கிண்ணம் உலகத்தில் முன்பே இருந்தது, கால் இருந்தது, கரியும் இருந்தது. அவர் அவற்றோடு கூட்டியது மூடி. ஆகவே கழல்மூடி இனத்தின் சான்றாகிய, அவர் ஆக்கிய கெட்டில் கிரில் என்பது மூடி போட்ட அடுப்பன்று. அடுப்பு போட்ட மூடி என்க.

அறிவியலும் இதையே வழிமொழிகிறது. மூடியைக் கழற்றினால் கரியின் சூடு கீழிருந்து மட்டும் தாக்கும். வாட்டுவதற்கு அது போதும். மூடினால் சூடு சுற்றி வந்து அடுப்பு ஓவனாகிவிடும். கீழ்த்துளை காற்றை வாங்குகிறது, மேல்துளை புகையை விடுகிறது. இரண்டையும் திறப்பதிலும் குறுக்குவதிலும்தான் தீயின் ஆட்சி நடக்கிறது. கிண்ணத்தின் ஓரத்தில் கரித்துண்டுகளை அரைவட்டமாக அடுக்கி ஒரு முனையை மட்டும் பற்றவைத்தால், தீ மெல்ல ஊர்ந்து, 105 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் பல மணி நேரம் நிற்கும். பெரிய மாட்டு நெஞ்சுக்கறியை வைத்தால் அதன் உள்வெப்பம் 65 முதல் 75 டிகிரிக்குள் ஓரிடத்தில் மணிக்கணக்கில் நகராமல் நின்றுவிடும். மேற்பரப்பின் ஈரம் ஆவியாகும்போது வருகிற சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு போவதே காரணம். அனுபவம் குறைந்தவர் பதறி மூடியைத் திறப்பது இந்தக் கட்டத்தில்தான். திறந்ததும் தேங்கிய சூடு வெளியேறுகிறது, புகுந்த காற்று கரியைக் கிளப்புகிறது; கறி ஆறுகிறது, தீ வளர்கிறது. வேலை முடிந்து இரு துளைகளையும் அடைத்தால் தீ மூச்சடங்கி அணையும், மிச்சக் கரி அடுத்த முறைக்கு உதவும். மூடியில் பதித்த வெப்பமானியை மட்டும் நம்பக் கூடாது. அது குவிமாடத்தின் உச்சியில் உட்கார்ந்துகொண்டு, கீழே தட்டில் நடப்பதைப் பற்றித் தயங்காமல் கருத்துச் சொல்லும் ஆய்வு நெறியாளரைப் போன்றது.

கீல்மூடி இனத்தில் பெரும்புலவர் கமாடோ. ஜப்பானிய மண்ணடுப்பு மரபில் வந்து, 1974இல் அட்லாண்டாவில் எட் ஃபிஷர் தொடங்கிய பிக் க்ரீன் எக் வழியே அமெரிக்க முற்றங்களில் குடியேறிய இந்தச் சுட்டமண் அடுப்பு, சூட்டைக் காப்பதில் நிகரற்றது. கரியும் கொஞ்சம்தான் தின்னும். ஆயினும் அதன் பெரிய அளவு ஒன்று 70 கிலோவைத் தாண்டும். வைத்த இடமே நிலைத்த இடம். மூடி பின்பக்கம் சாயும் என்பதால் சுவரோடு ஒட்டி நிறுத்தவும் முடியாது. நெடுநேரம் மூடியிருந்ததைச் சட்டென்று திறந்தால், காற்றுக்கு ஏங்கிய கரி ஒரே மூச்சில் எரிந்து முகத்தை நோக்கி எழும். ஆகவே முதலில் இரண்டு விரற்கடை திறந்து, நிறுத்தி, பிறகே முழுதும் திறக்க வேண்டும். சிறிய இடத்தில் பின்வாங்கவும் இடமில்லை என்பதால் கமாடோவுக்கு வணக்கம் சொல்லி அப்பால் செல்வோம்.

இனி ஆய்வின் மையச் சிக்கல்: கழற்றிய மூடியை எங்கே வைப்பது? அறிவுலகம் இதைத் தொடக்கூட அஞ்சியிருக்கிறது. 57 சென்டிமீட்டர் விட்டமுள்ள கெட்டில் மூடி தரையில் சுமார் 2.7 சதுர அடியைப் பிடிக்கும். அதாவது மூடி கழன்ற கணத்தில் ஓர் அடுப்பு இரண்டு அடுப்பாகிறது. தரைக் கட்சியார் இரு பிரிவினர். வாய் கவிழ்த்து வைப்போரின் விளிம்பில் மணல் ஒட்டும். அந்த மணல் மறுபடி மூடும்போது கறிமேல் உதிரும். வாய் மல்லாத்தி வைப்போருக்கு உச்சியிலுள்ள கைப்பிடி எதிரி. மூடி ஒருபுறம் சாய்ந்து உருண்டு சுற்றி, கணுக்காலைத் தேடி வந்து நிற்கும். சுவர்க் கட்சியார் மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துப் புகைக்கறையால் அரைவட்டம் வரைகிறார்கள். கைக் கட்சியார் மூடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கறியைப் புரட்டி, தட்டை ஏந்த மூன்றாம் கையை எதிர்நோக்குகிறார்கள். இந்த நூற்றாண்டுக் குழப்பத்தைத் தீர்க்கும் பொருள் மூடியின் உட்புறத்தில் பதிந்திருக்கும் ஒரு சிறு கொக்கி. அதைக் கிண்ணத்தின் விளிம்பில் மாட்டினால் மூடி பக்கவாட்டில் தொங்கும். தரையில் ஓர் அங்குலம்கூடக் கேட்காது.

கொக்கியைப் பற்றி, இதுவரை எவரும் எழுதாத மூடியதிகாரம் என்னும் நூல் விரிவாகப் பேசுகிறது. அந்நூலைக் கடல் கொண்டது. கிடைக்கும் நூலை மேற்கோள் காட்டினால் யாரேனும் எடுத்துப் புரட்டிவிடும் அபாயம் உண்டு. கடல் கொண்ட நூலுக்கு அந்தக் குறை இல்லை என்பதை நம் உரைமரபு நன்கறியும். அதன் முதல் உரைகாரர் கொக்கியை மூடியின் உறுப்பு என்றார். இரண்டாமவர், மூடியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒன்று உறுப்பாகாது, அது குணம் என்றார். மூன்றாமவர் இருவரும் ஒன்றையே சொன்னதாக நிறுவினார். அன்றுமுதல் முதல் இருவரின் மாணாக்கரும் கைகோத்து அவரை எதிர்த்தனர். நான்காவதாக எழுந்த அரும்பதவுரையைக் கரையான் தின்றது. தின்ற இடங்களை ஊகித்து நிரப்பியவருக்கு முனைவர் பட்டமும், அந்த ஊகம் பிழை என்று காட்டியவருக்குத் துறைத்தலைவர் பதவியும், இரண்டையும் படித்துப் பார்த்தவருக்குப் பணியிட மாற்றமும் கிடைத்தன. மூடியை எந்தப் பக்கம் மாட்டுவது என்பதில் ஓர் ஏடு இடப்பக்கம் என்கிறது, மற்றோர் ஏடு வலப்பக்கம் என்கிறது. ஏடெழுதியவர்கள் அடுப்புக்கு எதிரெதிரே நின்றிருந்தால் இரண்டும் ஒன்றே என்ற எளிய விளக்கம் மூன்று கருத்தரங்குகளில் ஒருமனதாக நிராகரிக்கப்பட்டது. சமைப்பவர் நிற்காத பக்கம் மாட்ட வேண்டும் என்பதே நடைமுறை. நடைமுறைக்கு மேற்கோள் கிடையாது. விலைகூடிய சில கெட்டில்களில் கிண்ணத்தின் பக்கத்திலேயே மூடியைச் சொருகி வைக்க வளைகம்பித் தாங்கி இருப்பது, கொக்கிக் கட்சியில் பிளவு தொடங்கிவிட்டதற்கு அறிகுறி.

தடைகளுக்கு விடை கூறுவோம். எரிவாயுக் கிரில் குமிழைத் திருகியதும் பற்றிக்கொள்ளுமே, அது எளிதல்லவா என்பது முதல் தடை. எளிதுதான். ஆனால் எரிந்த வாயு தேங்காமல் வெளியேற வேண்டும் என்பதற்காக அதன் மூடிக்குப் பின்னால் அகன்ற இடைவெளி விட்டிருப்பார்கள். மரத்துண்டு போட்டுப் புகையூட்ட முயன்றால் புகையும் அந்த வழியே போய்விடும். புகையைப் பிடித்து வைக்காத மூடி, மூடியதிகாரத்தின்படி கூரை மட்டுமே. வட்டமான தட்டில் நீண்ட விலாத்தொடர் அடங்காதே என்பது இரண்டாம் தடை. விலாவை இரண்டாக நறுக்கினால் அடங்கும், தாங்கியில் நிமிர்த்தி வைத்தால் இன்னும் கூடுதலாக அடங்கும். இடம் சிறிதாயின் 18 அங்குலக் கெட்டில்தானே பொருத்தம் என்பது மூன்றாம் தடை, மூன்றிலும் இதுவே கூர்மையானது. ஆயினும் புகையூட்டலுக்குக் கரி ஒரு பாதியிலும் கறி மறுபாதியிலும் இருக்க வேண்டும்; 18 அங்குலத்தில் இரண்டும் நெருக்கியடித்து, கறியின் ஓரம் கருகும். 22 அங்குலத்துக்கு மாறினால் அகலம் ஒரு சாண்கூடக் கூடுவதில்லை, வட்டத்தின் பரப்போ ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. கூடிய இடத்தைக் கொக்கி ஏற்கெனவே மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டது.

ஆகவே சிறுமுற்றத்துக்கு உரியது கொக்கியுள்ள 22 அங்குலக் கரிக் கெட்டில் என்பது துணிபு. கடையில் விலை கேட்கும் முன் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும். கழற்றியவர் அதை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டலாம். துணிபை மறுக்க விரும்பும் அறிஞர்கள் முதலில் கரியைச் சிம்னி ஸ்டார்ட்டரில் கொட்டி அடியில் காகிதத்தைக் கொளுத்திவிட்டு உட்கார வேண்டும். கரி கனியக் கால் மணி நேரம், மிஞ்சினால் இருபது நிமிடம் ஆகும். அதற்குள் அணிந்துரை, வாழ்த்துரை, நன்றியுரை மூன்றையும் எழுதி முடித்துவிடலாம்.