கட்டிலை விட்டு இறங்குங்கள்

“ராத்திரியில தூக்கமே வர்றதில்லை” என்று நம் ஊரில் வாய்விட்டுச் சொல்லிவிடக் கூடாது. மறுநாளே தெருவில் பாதிப் பேர் வைத்தியராகிவிடுவார்கள்.

முதலில் வந்தவர் பெரியப்பா. ஜாதிக்காயை இழைத்துப் பாலில் கலந்து குடிக்கச் சொன்னார். ஜாதிக்காய் லேசில் இழைபடுகிற வஸ்து இல்லை. சந்தனக் கல்லில் நாலு சொட்டுப் பால் விட்டு, மணிக்கட்டு நோக நோகத் தேய்த்தால் ஒரு மிளகளவு விழுது தேறும். அளவு கூடினால் தலை சுற்றும் என்று எச்சரிக்கை வேறு. தேய்த்து முடிப்பதற்குள் உடம்பு முறுக்கேறி, இருந்த கொஞ்ச நஞ்சத் தூக்கமும் கலைந்துவிடும்.

மச்சான் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவச் சொன்னான். தடவினேன். “ஏங்க, நீங்க தூங்காட்டிப் போங்க, பெட்ஷீட்டை விட்டுடுங்க” என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது.

ஆடு எண்ணுவது வெள்ளைக்காரன் வைத்தியம். அதைவிட நல்ல வழி உண்டு என்று மகள் சொன்னாள். 2002-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அலிசன் ஹார்வி, சுசானா பெய்ன் என்ற இருவர் தூக்கம் வராதவர்களை வைத்துச் சோதித்தார்களாம். மனத்துக்கு இதமான காட்சி ஒன்றை விடாமல் கற்பனை செய்தவர்கள் சீக்கிரம் தூங்கினார்களாம். அருவி மாதிரி ஏதாவது நினைத்துக்கொள்ளுங்கள் அப்பா என்றாள். எனக்குத் தெரிந்த அருவி குற்றாலம். கண்ணை மூடியதும் சீசன் கூட்டம் வந்துவிட்டது. முதுகில் எண்ணெயோடு ஒருவர் என்னை இடித்துக்கொண்டு போனார். போலீஸ்காரர் விசிலடித்து “போதும், வெளியே வா” என்றார். கரையில் கழற்றி வைத்த சட்டையில் பர்ஸ் இருக்கிறதா என்ற கவலையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

சட்டம் என் பக்கம்தான் இருக்கிறது. தூக்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று ராம்லீலா மைதான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு விதியும் இருக்கிறது. ஆனால் மாடி வீட்டில் நள்ளிரவில் நாற்காலி இழுப்பவரும், பக்கத்தில் படுத்துக் குறட்டை விடும் தர்மபத்தினியும் அந்த விதிக்குள் வரமாட்டார்கள். காபிக்கு எதிராகவும் வழக்குப் போட முடியாது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியின் காஃபினில் ஏறக்குறைய பாதி, இரவு பத்து மணிக்கும் உடம்பில் உலாவிக்கொண்டிருக்குமாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்குத் தூக்கமே வராது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சபாவில் தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில், மிருதங்கமும் கடமும் மோதிக்கொள்ளும்போது வரும். டிவியில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தும் விவாதத்தில் வரும். கட்டிலில் மட்டும் வராது.

காரணம் கேட்டால் ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளரிடம் போக வேண்டும். 1972-லேயே அவர் வழி சொல்லிவிட்டார். படுக்கையில் புரண்டு புரண்டு, கட்டில் என்றாலே விழித்திருக்கும் இடம் என்று மனம் பழகிவிடுகிறது. ஆகவே தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடு, கண் சொக்கினால் மட்டும் திரும்பி வா. சுமார் இருபது நிமிடம் பார்க்கலாம் என்கிறார்கள் இப்போதைய டாக்டர்கள். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்றும் சொல்கிறார்கள். பிறகு இருபது நிமிடத்தை எதில் பார்ப்பது என்று சொல்லவில்லை.

எழுந்து போனேன். விளக்குப் போட்டால் வீடே எழுந்துவிடும் என்று ஹாலில் இருட்டில், வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் குடிக்க வந்த மாமியார் போட்ட அலறலில் எதிர் ஃபிளாட்டில் விளக்கு எரிந்தது. “மாப்பிள்ளைதான் அத்தை” என்று சொல்லியும் அவர் நம்ப நேரமாயிற்று. அன்றிலிருந்து அவருக்கும் தூக்கம் இல்லை.

இப்போது சின்ன விளக்கொன்று வாங்கி வைத்து, குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவு அறிக்கையைப் படிக்கிறேன். தண்ணீர் லாரிக் கணக்கைத் தாண்டி இதுவரை போனதில்லை. அதற்குள் கண் சொக்கிவிடுகிறது. போய்ப் படுத்தால் தூக்கமும் வருகிறது. பூட்சினின் வைத்தியம் பலிக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் பத்தியம் கடுமை. எந்நேரம் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். பகலில் படுக்கவே கூடாது. அதிலும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அந்த இரண்டு மணி நேரம் இருக்கிறதே, அதைத் தனியாளாகச் சமாளிக்க என்னால் ஆகாது. வாசகர்கள் யார் வேண்டுமானாலும் அந்த நேரத்தில் என் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருக்கலாம். காபி மட்டும் கேட்காதீர்கள்.