கூண்டுக்கு வராத எதிரிகள்

ஏய்யா ராசா, இப்படி உக்காரு. மனுசன் வெட்டிக்கிறதுக்கும் வாரிச் சுருட்டுறதுக்கும் காரணம் மதமா, உள்ளுக்குள்ள கெடக்குற மிருகமான்னு கேக்குற. உன் கூட்டாளி சாமியக் கைகாட்டுறான். உங்க விலங்கியல் வாத்தியாரு மிருகத்தக் கைகாட்டுறாரு. ரெண்டு பேரும் நல்ல ஆளாத்தான் புடிச்சிருக்காங்க. கோயில் நிலத்துக்காகச் சாமி பேருலயே வழக்குப் போடலாம்னு சட்டம் இருக்கு. ஆனா கொலைக் கேசுல சாமிய முதல் எதிரியாச் சேத்ததா நான் கேள்விப்பட்டதில்ல. மிருகமும் சம்மனுக்குக் கையெழுத்துப் போடாது. கூண்டுல ஏறி ‘நான் செய்யல’ன்னு சொல்ல வராத ஆளு மேல பழியப் போடுறது எம்புட்டு வசதி!

நம்ம ஜில்லாவுக்குக் கலெக்டர் ஆபீசு விருதுநகர்ல, ஜில்லா கோர்ட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ல. ஆண்டாளச் சேவிக்கப் போறவன் அப்படியே வாய்தாவுக்கும் தலையக் காட்டிட்டு வரலாம், பஸ் காசு மிச்சம். நீயும் ஒருநாள் அந்த வாசல்ல போய் நின்னு பாரு. வரப்பு, கெணத்துத் தண்ணி, வண்டிப்பாதை, கூடப் பொறந்தவளுக்குக் குடுக்காத பங்கு. வக்கீல் குமாஸ்தா கட்டுக்கட்டாச் சுமந்துக்கிட்டு அலையிறதுல முக்காவாசி இதுதான். வேதத்துக்கு என்ன அர்த்தம்னு அடிச்சுக்கிட்டு வந்தவன் எவனும் அங்க நிக்க மாட்டான்.

சரி, மிருகத்த விசாரிப்போம். நம்மூர்ல ஆளக் கண்டா உறுமுற மிருகம்னா ராஜபாளையம் நாய்தான். 2005-ல தபால்தலையே போட்டாங்க. அது கடிக்கும், நெசந்தான். கடிக்கப் பழக்குனது யாரு? பன்னி வேட்டைக்கும் காவலுக்கும்னு தலைமுறை தலைமுறையா, பாயுற குட்டியா வச்சுக்கிட்டுப் பதுங்குற குட்டியத் தள்ளுனது மனுசப்பய. அதோட விட்டானா? தோலு வெள்ளை வெளேர்னு இருக்கணும், மூக்கு ரோசாப்பூ மாதிரி இருக்கணும்னு தேடித்தேடி இனஞ்சேத்ததுல காது கேக்காத குட்டியும் பொறக்குது. நம்ம கோவத்தையும் நம்ம பவுசையும் நாய்க்குள்ள ஏத்திவச்சுட்டு, ‘பாத்தியா, மிருக குணம்’னு உங்க வாத்தியாரு நோட்டுல எழுதிக்கச் சொல்றாரு. நாய்க்குப் பேச வந்தா மானநஷ்ட வழக்கே போடும்.

பேராசைக்கும் இதே கதை. அய்யனார் கோயில் பக்கமும் செண்பகத்தோப்புப் பக்கமும் யானை எறங்குது. தென்னங்குருத்தத் திங்குது, நாலு மரத்தச் சாய்க்குது, மலையேறிப் போயிருது. தோப்புக்காரன் வயிறு எரியும், இல்லேங்கல. ஆனா எந்த யானையாவது அந்தத் தோப்பத் தன் பேத்தி பேருக்குக் கிரயம் பண்ணிக் கேட்டுச்சா? நம்மாளு இருக்கானே, பக்கத்துத் தோட்டக்காரன் ரெண்டு ஏக்கர் வாங்குனான்னு தெரிஞ்ச அன்னிக்கு இவனுக்குச் சோறு எறங்காது. நாலு ஏக்கர் வாங்குனாத்தான் மோர்ச்சோறாவது உள்ள போகும். மிருகத்துக்குப் பசி வயித்துல. இவனுக்கு அடுத்த வீட்டு மாடியில.

இப்ப உன் கூட்டாளி சொல்ற மதத்துக்கு வருவோம். 1899-ல சிவகாசியில பெரிய கலகம். விசுவநாதசாமி கோயிலுக்குள்ள போகணும்னு நாடார்கள் கேட்டாங்க. கூடாதுன்னு மத்தவங்க மறிச்சாங்க. வீடு எரிஞ்சது, உசுரு போச்சு, தீ சுத்துப்பட்டிக்கெல்லாம் பரவுச்சு. மதச்சண்டைன்னு சொல்லுவியா? உள்ள போகணும்னவனுக்கும் அதே சிவன், மறிச்சவனுக்கும் அதே சிவன். மறிச்சவன் நெத்தியிலயும் திருநீறு, மண்டை ஒடஞ்சவன் நெத்தியிலயும் திருநீறு. கமுதியிலயும் இதே வழக்கு. 1897-ல கோயிலுக்குள்ள நுழைஞ்சதுக்காக நடந்த கேசு மதுரை கோர்ட்டு, மெட்ராஸ் ஐகோர்ட்டுன்னு ஏறி, லண்டன் பிரிவி கவுன்சில்ல 1908-ல போய் முடிஞ்சது. நாடார்கள் தோத்தாங்க. கமுதியில ஒரு வாசப்படிய யாரு தாண்டலாம்னு, அந்த வாசலப் பாக்காத வெள்ளைக்காரன் தீர்ப்புச் சொல்றான்! உங்க வாத்தியாரக் கேளு: எந்த மிருகத்துக்கு ஒரு வாசப்படிக்காக வக்கீல் வச்சுப் பதினோரு வருசம் அலையிற பொறுமை இருக்கு? அது வெறியில்ல ராசா. கணக்கு. ‘அவனும் நானும் ஒண்ணா’ங்கிற கணக்கு.

அதாவது பழங்கதைன்னு வையி. 1997 பழங்கதையா? விருதுநகரத் தலைமையிடமா வச்சு வீரன் சுந்தரலிங்கம் பேருல ஒரு போக்குவரத்துக் கழகம் ஆரம்பிச்சாங்க. கட்டபொம்மன் படையில இருந்தவரு, பேரு வைக்கத் தகுதி இல்லாதவரா? ஆனா அவரு சாதியப் பாத்து, அந்தப் பேரு எழுதுன பஸ்ஸுல நாங்க ஏற மாட்டோம்னு ஒரு கூட்டம். ஏறித்தான் ஆகணும்னு இன்னொரு கூட்டம். பஸ்ஸு அதே பஸ்ஸு, அதே ஒழுகுற கூரை, அதே சில்லறை குடுக்காத கண்டக்டரு. போர்டு மட்டுந்தான் புதுசு. கல்லு பறந்தது, வெட்டுக்குத்து நடந்தது, இந்த வட்டாரமே பல நாளு ராத்திரி தூங்கல. கடைசியில கவர்மெண்டு என்ன பண்ணுச்சு? எந்தப் போக்குவரத்துக் கழகத்துக்கும் எந்த மாவட்டத்துக்கும் தலைவர் பேரே வேண்டாம்னு எல்லாத்தையும் அழிச்சுருச்சு. நம்ம காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்பத்தான். சண்டைக்கே வராத காமராசருக்கும் சேத்து டிக்கெட்டுக் கிழிச்சாச்சு. அப்பயும் பஸ் ஸ்டாண்டு நாய் டயரப் பாத்துத்தான் காலத் தூக்குச்சு, போர்டப் படிச்சுட்டுத் தூக்கல.

இதுல இன்னொரு வேடிக்கை. ராஜபாளையத்துக்குப் பக்கத்துல சத்திரப்பட்டி இருக்கே, அங்க நெய்யிறது காயத்துக்குக் கட்டுற துணி. ஊரூராப் போகுது. வெட்டுறதுக்கு வேற ஆளு, கட்டுறதுக்கு வேற ஆளுன்னு நெனைக்காத. எல்லாம் ஒரே வெயிலு காஞ்ச மண்டைதான்.

உன் கூட்டாளி மூஞ்சி தொங்கிப்போச்சுன்னா சொல்லு, அவனுக்கும் ஒரு துண்டு பால்கோவா வச்சிருக்கேன். 2018 ஜனவரி 7-ம் தேதி ராஜபாளையத்துல கவிஞர் வைரமுத்து ஆண்டாளப் பத்தி ஒரு கட்டுரை படிச்சாரு. மார்கழி மாசம் முடியல. அதுல ஒரு மேற்கோள் வரி புடிக்காமப் போயி நாடே கொதிச்சது. அவரு வருத்தம் சொன்னாரு, ஆறல. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயரு உண்ணாவிரதம் இருந்தாரு. ‘எங்களுக்கும் சோடா பாட்டில் வீசத் தெரியும்’னு பேசுனாரு, பெறகு அவரும் வருத்தம் சொன்னாரு. சோடா கம்பெனிக்காரன் மட்டுந்தான் எதுக்கும் வருத்தம் தெரிவிக்கல. ஆக, மதத்துக்கு இதுல பங்கே இல்லைன்னு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனா ஒண்ணு. திருப்பாவை முப்பது பாட்டு, நாச்சியார் திருமொழி நூத்து நாப்பத்து மூணு. அந்த ஒத்த வரிக்குத் தொண்ட கிழியக் கத்துனவங்கள்ல எத்தனை பேரு இதுல பத்துப் பாட்டு முழுசாச் சொல்லியிருப்பாங்க? எதிர்த்தாப்புல நின்னு கருத்துச் சுதந்திரம்னு கத்துனவங்கள்ல எத்தனை பேரு அந்தக் கட்டுரைய முழுசாப் படிச்சிருப்பாங்க? பக்தி இருந்தவன் கோயிலுக்குள்ள பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தான். அவனுக்கு மைக்கு யாரும் குடுக்கல.

ஸ்ரீவில்லிபுத்தூர் பொறந்த கதையையே எடுத்துக்கோ. வில்லி, கண்டன்னு வேடர் குலத்துல அண்ணந்தம்பி. கண்டனக் காட்டுல புலி அடிச்சுப்போட்டுச்சு. தேடிப் போன வில்லி அசந்து தூங்குனான், கனவுல பெருமாள் வந்தாரு, காட்ட வெட்டி ஊராக்குனான்னு தலபுராணம். கூடப் பொறந்தவனத் தின்ன புலி குலத்தையே கருவறுக்கப் போறேன்னு அவன் கெளம்பல, பாரு. புலி மேல என்னத்தப் போட்டி? அது இவனவிடப் பெரிய வீடு கட்டப் போறதில்ல. கதை நெசமோ பொய்யோ, மனசு தெரிஞ்சவன் கட்டுன கதை. பின்னால நம்மாளு காட்டக் கொஞ்சங்கொஞ்சமாத் தின்னு, கடைசியில 2021-ல ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைன்னு ஆயிரத்துப் பதினாறு சதுர கிலோமீட்டர புலிக்குன்னு அரசாங்கமே எழுதிக் குடுக்க வேண்டியதாப் போச்சு. புலிக்குப் பட்டா வாங்கத் தெரியாதுல்ல.

உங்க வாத்தியாரு கோம்பேன்னு ஒரு காட்டச் சொல்லுவாரு. சொல்லட்டும். டான்சானியாவுல ஜேன் குடால் அம்மா பாத்தது: ஒரே கூட்டமா இருந்த சிம்பன்சி ரெண்டாப் பிரிஞ்சு, 1974-லருந்து நாலு வருசம் ஒண்ண ஒண்ணு வேட்டையாடி, பிரிஞ்சுபோன கூட்டம் அத்துப்போச்சு. கேட்டப்ப எனக்கே திக்குன்னுச்சு. அதுல சாமியும் இல்ல, கோயிலும் இல்ல. சுத்தமான பங்காளிச் சண்டை. அதனால வாத்தியாரு சொல்றதுல பாதி நெசம், நம்ம கை அரிப்புக்கு வயசு ரொம்ப அதிகம். ஆனா மிருக ரத்தந்தான் பேராசைன்னா, இதே ராஜபாளையத்துல பி.எஸ். குமாரசாமி ராஜா இருந்தாரே, 1949-லருந்து 52 வரைக்கும் மெட்ராஸ் மாகாணத்துக்கே முதல்வரு. தன் வீட்டையே ஊருக்குக் குடுத்தாரு, அதுதான் காந்தி கலை மன்றம். அவருக்கு எந்த மிருகத்து ரத்தம்னு உங்க வாத்தியாரக் கேட்டுட்டு வா. பதில் சொன்னா அடுத்த வாரமும் பேசுவோம்.

இப்ப எனக்கு நேரமில்ல. தெருப் பொங்கலுக்கு சிவகாசியிலருந்து நோட்டீசு அச்சாகி வந்துருச்சு. என் பேரு நாலாவதா இருக்கு. மூணாவதா எவன் பேரு இருக்குன்னு நீயே படி. நேத்துவரைக்கும் என் வயக்காட்டு வழியா ஆடு ஓட்டிக்கிட்டுப் போன பய! நேர்ல பாத்து ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன். அந்தக் கம்ப எடுய்யா. என்னடா அப்படிப் பாக்குற, ஊனி நடக்குறதுக்குத்தான்.