கார் பேரத்தின் பொருளிலக்கணம்: ஓர் அறிமுக ஆய்வு

களவுக்கும் கற்புக்கும் இலக்கணம் வகுத்த மொழி இது. அடுத்த ஊர் மாட்டை ஓட்டிக்கொண்டு வருவதற்குக்கூட வெட்சி என்று தனித்திணை ஒதுக்கியிருக்கிறோம். ஏசி ஷோரூமில் உட்கார்ந்து புதுக் காருக்கு விலை பேசுவதை மட்டும் அநாதையாக விட்டுவிட்டோம். இக்குறையைப் போக்கும் பொருட்டு, கோயம்புத்தூர் அவினாசி ரோட்டு ஷோரூம் ஒன்றில் நான்கு சனிக்கிழமைகள் கள ஆய்வு நடத்தப்பட்டது. ஆய்வாளன் அடியேன். நெறியாளர் என் தாய்மாமா; பொள்ளாச்சிச் சந்தையில் முப்பது வருடம் மாடு பிடித்தவர். ஆய்வுக்கான நிதியை ஒரு வங்கி 60 மாதத் தவணையில் வழங்கியது.

இத்துறையின் மூல ஆவணம் துண்டு. மாட்டுச் சந்தையில் வாங்குகிறவரும் தரகரும் கைகோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். அடியில் விரலைப் பிடிக்கிற கணக்கில் விலை ஏறும், இறங்கும். முகத்தில் ஒன்றும் தெரியாது. சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு இரண்டு மனிதர்கள் வெகுநேரமாகக் கைகுலுக்குவது மட்டும்தான் தெரியும்.

ஷோரூமில் துண்டு ஒழிந்துவிட்டது என்று நான் முதலில் கருதினேன். அது பிழை. சேல்ஸ் தம்பி கால்குலேட்டரில் ஓர் எண்ணைத் தட்டினார். வாயைத் திறக்கவில்லை. கால்குலேட்டரை மெல்லத் திருப்பி எங்கள் பக்கம் ஒரு சாண் தள்ளினார். மாமா பார்த்தார், வேறொரு எண்ணைத் தட்டினார், திருப்பித் தள்ளினார். அடுத்த மேசைக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. "துண்டு மட்டுந்தான் கண்ணு காணோம்" என்றார் மாமா, என் காதில்.

எனினும் பேரத்தின் உள்ளமைப்பு சந்தையிலிருந்து வரவில்லை, அகத்திணையிலிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். தலைவன், அதாவது பணம் கொடுக்கப்போகிறவன், தலைவியை நேரில் பார்க்க முடியாது. தலைவி கண்ணாடி அறைக்குள் இற்செறிக்கப்பட்ட மேனேஜர். நடுவில் தூது போவது தோழியாகிய சேல்ஸ் தம்பி. "என் கையில ஒண்ணுமில்லீங்க சார், மேனேஜர்கிட்டக் கேட்டுட்டு வர்றேன்" என்பது தோழி கூற்று. "இந்தக் கலருக்கு எட்டு வாரம் வெயிட்டிங்ங்க சார்" என்று தலைவனை எட்ட நிறுத்துவது சேட்படை. அதே வாயால் ஐந்தாவது நிமிடத்தில் "இன்னைக்கே புக் பண்ணுனா இந்த ரேட்டுங்க" என்று விரைவுபடுத்துவது வரைவு கடாதல். "அப்ப நான் வேற டீலர்கிட்டப் பாத்துக்கறேன்" என்று நாம் சொல்வது மடலேறுதல். சங்கத் தலைவன் பெரும்பாலும் மடலேறுவேன் என்று மிரட்டுவானே ஒழிய ஏறுவதில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ளவும்.

கருதுகோளுக்கு ஒரே ஓர் இடையூறு ஏற்பட்டது. மூன்றாம் சனிக்கிழமை நான் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து கண்ணாடி அறை முழுசாகத் தெரிந்தது. மேனேஜரிடம் கேட்கப்போன தம்பி உள்ளே தண்ணீர் கேனில் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். செல்போனைப் பார்த்தார். சட்டையை உள்ளே சரியாகச் சொருகிக்கொண்டார். பிறகு முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு வெளியே வந்து, "ரொம்பப் பேசிப் பாத்தனுங்க சார், மூணாயிரத்துக்கு மேல முடியாதுங்கறாரு" என்றார். மேனேஜர் நாற்காலி அவ்வளவு நேரமும் காலியாகத்தான் இருந்தது. தலைவியே இல்லாமல் தோழி தனியாக நடத்தும் களவு எத்துறையில் அடங்கும் என்பதை அறிஞர்கள் முடிவு செய்யட்டும்.

இனி கொட்டேஷன் தாளுக்கு உரை. முதல் வரி எக்ஸ் ஷோரூம் விலை; இது கம்பெனி வைத்தது, கல்வெட்டு மாதிரி. அடுத்தது லைஃப் டாக்ஸ், அரசாங்கம் வைத்தது. இவை இரண்டுக்கும் கீழேதான் இடைச்செருகல்கள் ஆரம்பம். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்றிருந்தது. யார் கை, எதைக் கையாண்டது என்று கேட்டேன். தம்பி மறுபேச்சு பேசாமல் பேனாவால் அடித்துவிட்டார். அவ்வளவு சுலபமாக அடிபடும் வரி மூலபாடத்தில் இருந்திருக்க வாய்ப்பில்லை. 'எசென்ஷியல் கிட்' என்றால் மிதியடி, கார் கவர், சாவிக்கொத்து, ஒரு சென்ட் பாட்டில். இவை இல்லாமலும் வண்டி ஓடும் என்பதை மாமா அங்கேயே நிறுவினார்.

இன்சூரன்ஸ் வரிக்கு மட்டும் கொஞ்சம் விரிவான உரை வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அதோடு சேர்த்து நம் வண்டிக்கு ஒரு வருடக் காப்பீடும் போடுவது வழக்கம். அதை ஷோரூமிலேதான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதே வண்டி மதிப்புக்கு, அதே பம்பர் டு பம்பருக்கு வெளியே விசாரித்ததில் 11,000 ரூபாய் குறைவாக வந்தது. அந்தத் தாளைக் காட்டியதும் தம்பி தண்ணீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது ஷோரூம் இன்சூரன்ஸும் 9,000 இறங்கியிருந்தது. வண்டியில் 3,000 குறைக்க மூன்று வாரம் பிடித்த இடத்தில், ஒரு காகிதத்தில் 9,000 குறைய ஒரு டம்ளர் நேரம்தான் ஆனது. டீலருக்கு வண்டியில் நிற்பது கொஞ்சம். இன்சூரன்ஸ், கடன், அக்சஸரீஸ் இவற்றில்தான் பசை. "ரொக்கமா முழுசாக் கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்க" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்கிறவர்கள் இதை அறியாதவர்கள். கடன் வாங்குகிறவனால் டீலருக்கு வங்கியிடமிருந்து கமிஷன் வரும். ரொக்கக்காரனால் அது வராது. எப்படிப் பணம் கட்டப்போகிறோம் என்பதை விலை முடியும்வரை சொல்லாதிருப்பது நலம்.

உண்மையில் பெரிய தள்ளுபடி தாளிலேயே இல்லை, ஒரு கோட்டில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்திய லைஃப் டாக்ஸ்படி 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 18. அதாவது 9,99,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,870. 10,05,000 ரூபாய் வண்டிக்கு 1,80,900. ஆறாயிரம் ரூபாய் மேலே போனதற்கு 51,030 ரூபாய் வரி. போதாததற்கு, 10 லட்சத்துக்கு மேல் போனால் ஒரு சதவீதம் டிசிஎஸ் வேறு பிடிப்பார்கள். அதையாவது வருமானவரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். லைஃப் டாக்ஸ் போனது போனதுதான். சன்ரூஃப் வைத்த மாடலைக் கேட்டு அடம்பிடித்த என் மகளிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். "அம்பதாயிரத்துக்கு வானம் பாக்கணுமா?" என்று அவளே கேட்டாள். பேரத்தின் உச்சகட்டம் இது. இதில் ஷோரூமுக்குப் பங்கே இல்லை.

காலம் பற்றி ஒரு குறிப்பு. ஆடியில் புதுவண்டி எடுக்க மாட்டோம். ஆகவே ஆடியில் தள்ளுபடி கிடைக்கும். மார்கழியிலும் எடுக்க மாட்டோம். மார்கழியின் முதல் பாதி டிசம்பரோடு விழுகிறது. டிசம்பரிலோ, ஜனவரி பிறந்தால் ஒரு வயது கூடிவிடும் வண்டிகளைத் தள்ளிவிட டீலர் தவித்துக்கொண்டிருப்பார். பஞ்சாங்கமும் ஸ்டாக் ரிஜிஸ்டரும் ஒரே சமயத்தில் கைவிட்ட வண்டிக்கு எவ்வளவு குறையும் என்று மாமாவிடம் கேட்டேன். "குறையும். ஆனா உங்கத்தை அதுல ஏற மாட்டா" என்றார். மாதக் கடைசியோடு திருப்தியடைந்தோம். டார்கெட்டுக்கு நல்ல நாள் கெட்ட நாள் கிடையாது.

கடைசியாக எழுகைக் கோட்பாடு. இரண்டாம் சனிக்கிழமை நான் கோபமாக எழுந்தேன். வாசல்வரை நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை. நானே திரும்பி வந்து உட்கார வேண்டியதாயிற்று. மாமாதான் காரணத்தைச் சொன்னார்: என் காபி பாதி மிச்சமிருந்தது, ஃபைல் மேசையிலேயே கிடந்தது. பாதிக் காபியை வைத்துவிட்டுப் போகிறவன் திரும்பி வருவான் என்பது அந்தத் தம்பிக்குத் தெரியும். நான்காம் சனிக்கிழமை மாமா காபியைச் சொட்டு விடாமல் குடித்தார், கப்பைக் கவிழ்த்து வைத்தார், ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கோபமே படாமல் "வர்றேன் தம்பி" என்று எழுந்தார். கண்ணாடிக் கதவின் கைப்பிடியைத் தொடுவதற்குள் "ஐயா, ஒரு நிமிசமுங்க" என்று குரல் வந்தது. அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பு 14,000 ரூபாய். மட் ஃப்ளாப் மட்டும் கடைசிவரை தரவில்லை.

டெலிவரி அன்று வண்டிக்கு மாலை போட்டு, கேக் வெட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத் தம்பி குரலைத் தாழ்த்தினார். "கம்பெனியிலிருந்து போன் வருமுங்க சார். பத்துக்கு எத்தனை மார்க்குன்னு கேப்பாங்க. பத்துன்னு சொல்லிருங்க. ஒம்போது சொன்னாக்கூட என்ற இன்சென்டிவ் போயிருமுங்க."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா தம்பியைப் பார்த்தார். "தம்பி, அந்த மட் ஃப்ளாப்பு நாலு?"

இந்த முறை அவர் யாரையும் கேட்கப் போகவில்லை. கால் மணி நேரத்தில் நாலும் மாட்டியாயிற்று.

மூன்றாம் நாள் போன் வந்தது. மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் பத்துக்கு எத்தனை என்று கேட்டார். பத்து என்று சொல்லி போனை வைத்தேன்.

"எடுத்த எடுப்புல பத்தா?" என்றார் மாமா. "எட்டுல ஆரம்பிச்சிருக்கோணும் கண்ணு."