வரும், வராது

(குமாரலிங்கபுரம். வேப்பமரத்தடியில் மாமா பருத்திமாரைக் கட்டிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை செல்லும் கையுமாக.)

மாமா: என்ன மாப்ள, பொழுதன்னைக்கும் மொணமொணங்கிற? மந்திரமா?

மாப்பிள்ளை: துருக்கி மொழி மாமா. இங்க 1,052 ஏக்கர்ல ஜவுளிப் பூங்கா வருதுல்ல? துருக்கி பெரிய ஜவுளி நாடு. வியாபாரிக வந்தா பேச ஆள் வேணாமா?

மாமா: 2023 மார்ச்சுல ஒப்பந்தம் போட்டதும் போடாததுமா டீக்கடைக்காரரு ரெண்டு பெஞ்சு கூடுதலா வாங்கிப் போட்டாரு. அதுல நாய் படுத்திருக்கு.

மாப்பிள்ளை: மாமா! இப்பச் சொன்னீங்களே, அதேதான் இன்னைக்குப் பாடம். 'கெலிர்'னா வருவான், 'கெல்மெஸ்'னா வரமாட்டான். சேர்த்து 'கெலிர் கெல்மெஸ்'னா, வந்ததும் வராததுமா. 'எவெ கெலிர் கெல்மெஸ் யத்தம்': வீட்டுக்கு வந்ததும் வராததுமா படுத்துட்டேன்.

மாமா: அதுக்கு ஒரு மொழி வேற படிக்கணுமா? உனக்குப் பொறவியிலயே வந்ததாச்சே.

மாப்பிள்ளை: கேளுங்க. நான் வந்தாலும் நீங்க வந்தாலும், நேத்து வந்தாலும் நாளைக்கு வந்தாலும் கெலிர் கெல்மெஸ்தான். காலம் எதுங்கிறதைக் கடைசி வினைதான் சொல்லும்.

மாமா: ஆளும் தெரியாது, தேதியும் தெரியாது. அரசாங்க அறிவிப்பு எழுதத் தோதான மொழி.

மாப்பிள்ளை: கேலி பண்ணாதீங்க. இடையன்குடியில இருந்த கால்டுவெல் 1856-லேயே திராவிட மொழிகளைத் துருக்கி வகை மொழிகளோட சேர்த்துவச்சுப் பார்த்தாரு.

மாமா: அப்ப துருக்கிக்காரன் நமக்குப் பங்காளியா?

மாப்பிள்ளை: பின்னால வந்தவங்க ஒத்துக்கல. ஆனா வினையைக் கடைசியில வைக்கிறது, ஒட்டுமேல ஒட்டு ஒட்டுறது எல்லாம் நம்ம மாதிரியேதான்.

மாமா: பிழைச்சோம். பங்காளின்னா கண்மாய்த் தண்ணியில பங்கு கேப்பான். அது கிடக்கட்டும், வரும் வராதுங்கிறதை சினிமாவுல வந்த என்னத்த கன்னையாவை விடவா துருக்கிக்காரன் சொல்லிரப் போறான்? ஐப்பசியில மேகம் திரளும், நாலு தூத்தல் போடும். மல்லி விதைக்க டிராக்டருக்கு அட்வான்ஸ் குடுத்ததும் குடுக்காததுமா கலைஞ்சு போயிரும். எங்க வானமே துருக்கிதான்டா பேசுது.

மாப்பிள்ளை: ஐயோ, அர்த்தம் வேற மாமா! வந்துச்சா வரலையான்னு யோசிக்கக்கூட நேரமில்லாம அந்த நிமிஷமேன்னு அர்த்தம். வந்தே தீரும்.

மாமா: அப்படியொரு ஊரும் இருக்கா?

மாப்பிள்ளை: அது... அடுத்த பாடத்துக்கு ரெண்டாயிரம் கட்டணும் மாமா.

மாமா: அதுக்கென்ன, பயிர்க் காப்பீட்டுப் பணம் கெலிர் கெல்மெஸ் தாரேன்.

மாப்பிள்ளை: இலக்கணம் சுத்தமா இருக்கு! ஆனா எந்த அர்த்தத்துல சொல்றீங்க? துருக்கி அர்த்தமா, நம்மூரு அர்த்தமா?

மாமா: பணம் வரட்டும், சொல்றேன்.