ஐயம்பேட்டைத் தராசு

எங்கள் ஊரில் எடை போடுவது தொழில். பட்டு நூலையும் ஜரிகையையும் கிராம் கணக்கில் நிறுத்துத்தான் நெசவுக்குக் கொடுப்பார்கள். சேலையை முடித்துக் கொண்டுபோனால் மறுபடியும் தராசு. குறைந்தால் விசாரணை.

அந்தத் தராசு ஊர்க்காரர்களின் கண்ணிலும் ஏறி உட்கார்ந்துவிட்டது. வாலாஜாபாத் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தால், "என்னடா, ஒரு சுத்து பெருத்துட்ட?" என்பார் அத்தை. அடுத்த திண்ணையில், "ஏம்ப்பா இப்படி இளைச்சுப் போயிட்ட?" இரண்டுக்கும் நடுவே பத்தடி. இவ்வளவு சீக்கிரம் எந்த ஜிம்மிலும் இளைக்க முடியாது.

காஞ்சிபுரத்தில் உலகளந்த பெருமாள் கருவறை கொள்ளாமல் நிற்கிறார். "வாமனரா இருந்தப்போ லட்சணமா இருந்தீங்க சாமி" என்று ஒருவரும் சொன்னதில்லை. மனுஷனென்றால்தான் வாய் சும்மா இருப்பதில்லை.

என் வாயும்தான். ஒரு கல்யாணப் பந்தியில் சித்தப்பாவைப் பார்த்தேன். முப்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்து தொந்தி வளர்த்தவர், இளைத்துப்போய் வேட்டி நிற்க பெல்ட் கட்டியிருந்தார். நாலு பேர் காதில் விழும்படி, "பத்து வயசு குறைஞ்சிடுச்சு சித்தப்பா! ரகசியத்தை எங்களுக்கும் சொல்லுங்க" என்றேன்.

அவர் தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தார்.

"சுகர். நானூறு."

ரசம் ஊற்ற வந்தவர்கூட நின்றுவிட்டார்.

2025 நவம்பரில், சென்னையில் 'அதர்ஸ்' படச் செய்தியாளர் சந்திப்பு. நடிகை கௌரி கிஷனின் எடையைப் பற்றி முன்பு கதாநாயகனிடம் கேட்ட கேள்வி அங்கே வெடித்தது. அந்த அறையிலேயே எதிர்த்துப் பேசினார் கௌரி. போனில் பார்த்துவிட்டு, "கேட்டவனுக்கு அறிவே இல்ல" என்று கொதித்தேன். என் மனைவி "ஜாங்கிரி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போன வாரம் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். 'இன்னும் வத்திட்டீங்களே' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். உடம்பை விட்டால் பேச என்ன இருக்கிறது என்று திண்டாடி, தறியைப் பார்த்து, "பாவு எத்தனை சேலைக்கு சித்தப்பா?" என்றேன்.

"மூணு" என்று ஆரம்பித்தவர் அரைமணி நேரம் பேசினார். கோர்வைக் கரைக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். மகன் கம்பெனி வேலைக்குப் போனதிலிருந்து அந்தப் பக்கம் உட்கார ஆள் இல்லை. முதல் சேலையே இன்னும் பாதியில் நிற்கிறது.