பன்றிக்குட்டியில் தொடங்கிய பந்தி

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்ட கதையை யார் சொன்னாலும் பசித்த குழந்தையில் ஆரம்பிப்பார்கள். நியாயமாகப் பார்த்தால் பன்றிக்குட்டியில் ஆரம்பிக்க வேண்டும்.

1933. பொருளாதாரப் பெருமந்தம். நகரத்தில் ரொட்டிக்கு வரிசை நிற்கிறது. பண்ணையிலோ பன்றி, அடிமாட்டு விலைக்குக்கூடப் போகவில்லை. பன்றி குறைந்தால் விலை ஏறும் என்று ரூஸ்வெல்ட் அரசு கணக்குப் போட்டது. சுமார் 60 லட்சம் குட்டிகளைக் காசு கொடுத்து வாங்கிக் கொன்றார்கள். கொஞ்சம் உப்புக்கண்டமாகி ஏழைகளுக்குப் போனது. பெரும்பகுதி உரமாகவும் கொழுப்பாகவும் ஆனது. பசித்தவன் கண்ணெதிரே இறைச்சியை உரமாக்கினால் ஊர் சும்மா இருக்குமா? எழுந்த கூச்சலில் அதிகாரிகளுக்குப் புத்தி தெளிந்தது: மிஞ்சியதை அழிக்க வேண்டாம், யார் வாயிலாவது போடுவோம்.

யார் வாயில்? கடைக்குப் போய் வாங்குகிற வாயாக இருந்தால் வியாபாரம் கெடும். கையில் காசு இருக்கக் கூடாது, எதிர்த்துப் பேசக் கூடாது, தினமும் ஒரே இடத்தில் கூட வேண்டும். தேடிப் பார்த்ததில் பள்ளிக்கூடம் அகப்பட்டது. 1935இல் அதற்குச் சட்டமும் பணமும் வந்தன. அன்று பரிமாற வந்தது வேளாண்மைத் துறை. இன்றைக்கும் கரண்டி அதன் கையில்தான் இருக்கிறது. கல்வித் துறை வேடிக்கை பார்க்கிறது.

(இந்த உபரி பிறகு கப்பலேறி நம்மூருக்கும் வந்தது. 1960களில் ‘கேர்’ அமைப்பு மூலம் தமிழ்நாட்டு மதிய உணவுக்கு அமெரிக்கப் பால் பவுடர் வந்தபோது, காமராஜரை வாழ்த்திய கையோடு அங்கத்திய மாடுகளுக்கும் ஒரு கும்பிடு போட்டிருக்கலாம்.)

அடுத்து ராணுவம் வந்தது. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது ஏராளமான இளைஞர்கள் உடல் தேறவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். பலருக்கு அடிப்படைக் கோளாறு, சின்ன வயதில் சரியாகச் சாப்பிடாததுதான் என்று ஆள்சேர்ப்புத் தலைவர் ஜெனரல் ஹெர்ஷி 1945இல் நாடாளுமன்றக் குழு முன்பு சொன்னார். பத்து வயதில் பால் குடிக்காதவன் இருபது வயதில் துப்பாக்கி தூக்க மாட்டான் என்பது சாரம். 1946 ஜூன் 4 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட தேசியப் பள்ளி மதிய உணவுச் சட்டம் தன் நோக்கத்தைச் சொல்லும்போது தேசப் பாதுகாப்பில் தொடங்கி, பிள்ளைகளின் நலம் வழியாக, உள்நாட்டு விளைபொருளை விற்பதில் முடிகிறது. ராணுவத்துக்கும் மண்டிக்கும் நடுவில் குழந்தைக்கு ஓர் இடம் கிடைத்ததே, அதுவரை சரி.

சட்டத்தின் தந்தை ஜார்ஜியா செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸல். கறுப்பின மக்களுக்கு உரிமை தரும் மசோதா எது வந்தாலும் குறுக்கே படுத்துக்கொள்ளும் பெரியவர். பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட வேண்டும், ஆனால் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது என்பது அவருடைய தர்மம். காசில்லாத பிள்ளைக்கு இலவசமாகவோ குறைந்த விலைக்கோ போட வேண்டும் என்று சட்டம் சொன்னது. அதற்குத் தனிப் பணம்? அதைப் பற்றி மூச்சில்லை. யார் ஏழை என்று அந்தந்த ஊர் முடிவு செய்தது. சில இடங்களில் இலவசக்காரனுக்கு வேறு நிறச் சீட்டு, சில இடங்களில் தனி வரிசை. இன்னும் சில இடங்களில் சாப்பிட்ட கையோடு தட்டும் கழுவ வேண்டும். நகரத்து ஏழைப் பேட்டைகளின் பழைய பள்ளிகள் பலவற்றில் சமையலறையே இல்லாததால் இந்தச் சிக்கல்கூட எழவில்லை.

இப்படி இருக்கையில், 1969 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரத்துத் தேவாலயம் ஒன்றில், கறுப்பின உரிமைக்குப் போராடிய ‘பிளாக் பாந்தர்’ கட்சியினர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். உபரியைத் தள்ளிவிடவோ ராணுவத்துக்கு ஆள் பிடிக்கவோ இல்லை. பிள்ளைகளுக்குப் பசித்தது, போட்டார்கள். எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பாந்தர்களிடம் துப்பாக்கி இருந்தது, ஊர்வலம் இருந்தது, பத்திரிகை இருந்தது. அத்தனையையும் விட்டுவிட்டு, அவர்களை ஒடுக்கும் முயற்சிக்குப் பெரிய இடைஞ்சலாக வரக்கூடியது இந்தக் காலைச் சாப்பாடுதான் என்று அந்த மே மாதம் தன் அலுவலகங்களுக்கு எழுதினார். முட்டை வறுவலைக் கண்டு நடுங்கிய உளவுத் துறை வேறு உண்டா, தெரியவில்லை. சோதனை முயற்சியாக இழுத்துக்கொண்டிருந்த அரசின் காலை உணவுத் திட்டமும் 1975இல் நிரந்தரமானது. பாந்தர்களைப் பார்த்துச் செய்தோம் என்று எந்த அதிகாரியும் சொல்லவில்லை. எந்த ஊர் அதிகாரி சொல்வார்?

1970இல் சட்டத்தைத் திருத்தி, ஏழைப் பிள்ளையை அடையாளம் காட்டக் கூடாது என்றார்கள். பத்து வருடம் ஓரளவு நன்றாகவே போனது. பிறகு அதிபராக ரீகன் வந்தார்.

1981இல் பள்ளிச் சாப்பாட்டுப் பணத்தில் பெரிய வெட்டு விழுந்தது. காசு குறைகிறது, தட்டில் சத்தும் குறையக் கூடாது என்றால் பொருளின் ஜாதகத்தை மாற்றுவதுதான் வழி. செப்டம்பரில் வந்த வரைவு விதிப்படி, தட்டோரம் வைக்கிற தொடுகறியையும் காய்கறியாகக் கணக்கில் சேர்க்கலாம். பத்திரிகைகள் கெட்சப்பைப் பிடித்துக்கொண்டன. கெட்சப் சாம்ராஜ்யத்தின் வாரிசான ஜான் ஹெயின்ஸ் அப்போது ரீகன் கட்சியிலேயே செனட்டர். அவரே எழுந்து, அது வெறும் தொடுகறி, எனக்குத் தெரியாததா என்ற தொனியில் பேசினார். எதிர்க்கட்சி செனட்டர்கள் புதிய விதிப்படி ஒரு தட்டு தயார் செய்து, சிறிய இறைச்சி வடை, ஒரு துண்டு ரொட்டி, எண்ணி வைத்த உருளை வறுவல், கெட்சப் சகிதம் கேமரா முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதே செப்டம்பரில் இன்னொரு செய்தி: வெள்ளை மாளிகைக்கு நான்சி ரீகன் புதுப் பீங்கான் பாத்திரங்கள் வாங்குகிறார், விலை 2 லட்சம் டாலருக்கு மேல். தனியார் அறக்கட்டளை கொடுத்த பணம், அரசுக்குச் செலவில்லை என்று விளக்கினார்கள். யார் காதில் விழும்? மாதம் முடிவதற்குள் வரைவு விதி வாபஸ்.

இத்தோடு தக்காளி ஓய்ந்தது என்று பார்த்தால், 2011இல் பீட்சா மேலேறி வந்தது. இரண்டு மேசைக்கரண்டி தக்காளி விழுதை அரைக் கப் காய்கறியாக எண்ணும் பழைய சலுகையை வேளாண்மைத் துறை நீக்கப் பார்த்தது. உறைபனி பீட்சா கம்பெனிகளும் உருளைக்கிழங்குக்காரர்களும் ஓடி வந்தார்கள். நாடாளுமன்றம் சலுகையைக் காப்பாற்றிக் கொடுத்தது. பீட்சா இன்றுவரை கௌரவமாகக் காய்கறி வரிசையில் நிற்கிறது.

1981இன் இன்னொரு சொத்தும் பத்திரமாக இருக்கிறது. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 விழுக்காட்டுக்குள் இருந்தால் இலவசம். 185 விழுக்காடு வரை சலுகை விலை, மதியச் சாப்பாட்டுக்கு அதிகபட்சம் 40 சென்ட். சாப்பாட்டுக் காசைப் பாக்கி வைத்த பிள்ளையின் கையிலிருந்து சூடான தட்டைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டிவிட்டு, ஆறிப்போன சீஸ் சாண்ட்விச்சை நீட்டிய பள்ளிகள் உண்டு. கொட்டினால் யாருக்கு லாபம் என்று 1933இன் பன்றிகளைத்தான் கேட்க வேண்டும். நியூ மெக்சிகோ மாநிலம் 2017இல் இதற்கெதிராகச் சட்டமே போட்டது.

2020இல் கொரோனா வந்ததும் வருமானச் சான்றும் வேண்டாம், படிவமும் வேண்டாம், எல்லாப் பிள்ளைக்கும் இலவசம் என்றார்கள். இரண்டு வருடம் வானம் இடிந்து விழவில்லை. 2022 ஜூனில் சலுகையை முடித்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியா, மெயின் மாநிலங்கள் சொந்தக் காசில் எல்லாருக்கும் தொடர்ந்து போட்டன. வேறு பல ஊர்களில் காசாளர் திரும்பி வந்து நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்து, 40 சென்ட் கேட்டார்.