இழுப்பதும் தள்ளுவதும்: தாம்பரம் வட்டாரச் சோக் ஒயர் குறித்து ஓர் ஆராய்ச்சி

தாம்பரத்தைப் பற்றி எழுதியவர்கள் 1931-ல் பீச்சிலிருந்து வந்து சேர்ந்த மின்சார ரயிலை எழுதினார்கள். 1937-ல் குடிபெயர்ந்து வந்த கிறித்தவக் கல்லூரியை எழுதினார்கள். விமானப்படைத் தளத்தை எழுதினார்கள். சோக் ஒயரைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. இந்தக் கள்ளமௌனத்தை உடைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக்களம், பெருங்களத்தூரில் என் வீட்டு முற்றம். ஆய்வுப்பொருள், அங்கே நிற்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்ட்.

களத்தேர்வு தற்செயலானது அன்று. இத்தாலியர் ஜியோவன்னி மிக்கேலோட்டி வடிவமைத்து, 1959-ல் இங்கிலாந்தில் டிரயம்ஃப் ஹெரால்ட் என்று வெளிவந்த கார், 1961 முதல் நம் வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 948 சிசி எஞ்சினோடு பிறந்தது. 1988-ல் அங்கே கார் உற்பத்தி நின்றது. இன்று அந்த மண்ணில் ஐடி அலுவலகங்கள் நிற்கின்றன. ஆக, என் வண்டி பிறந்த ஊரை விட்டு எங்கும் போகவில்லை; அதற்கு உதிரிபாகம் செய்கிறவர்கள்தாம் போய்விட்டார்கள். ஹெரால்ட் என்றால் கட்டியங்காரன். தொண்டை அடைத்துக்கொண்ட கட்டியங்காரனை வைத்துக் குடித்தனம் நடத்துவது எப்படி என்பதே கேள்வி.

முதலில் சொல்லாராய்ச்சி. சோக் என்பது தென்சென்னைத் தமிழில் பலபொருள் ஒருசொல். டியூப் லைட் எரியாவிட்டால் 'சோக் போச்சு'. சமையலறைத் தொட்டியில் தண்ணீர் நின்றால் 'சோக் ஆயிடுச்சு'. பக்கத்து வீட்டுப் பையன் புதுச்சட்டை போட்டால் 'சோக்கா கீறான்'. இந்தக் கடைசிச் சொல் உருதுவின் ஷௌக் வழி வந்தது, மற்றவற்றுக்கு உறவில்லை என்பார்கள் மொழிநூலார். ஏற்பதற்கில்லை. பழைய கார் வைத்திருப்பவனிடம் இரண்டும் ஒன்றாகத்தான் குடியிருக்கின்றன: முதலில் ஷோக்கு, பிறகு சோக்கு.

இனிப் பொருளாராய்ச்சி. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று இருந்தால் முழுமையாக எரியும். இது சூடான எஞ்சினுக்குச் சொன்ன கணக்கு. ஆறிக் கிடக்கும் எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாவதில்லை. பாதி, போகிற வழியில் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சிலிண்டருக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய வெறும் காற்று. அதனால் டேஷ்போர்டுக் குமிழை இழுத்து, ஒயர் வழியாகக் கார்புரேட்டரின் வாயில் ஒரு தட்டை மூடி, காற்றின் குரல்வளையைக் கொஞ்ச நேரம் நெரிக்கிறோம். அதனால்தான் சோக் (நெரித்தல்) என்ற பெயர். எஸ்.யூ. கார்புரேட்டரில் தட்டே கிடையாது. குமிழை இழுத்தால் ஜெட் கீழே இறங்கும், பெட்ரோல் கூடும். சில சோலெக்ஸ் கார்புரேட்டர்களிலோ தனியாக ஒரு சின்ன வழி திறக்கும். யாரையும் நெரிக்காமலே இவை சோக் என்று பெயர் வாங்கியிருக்கின்றன. என் வண்டியில் இருப்பது பிறவிக் கார்புரேட்டர் அன்று. எனக்கு முன்னால் வைத்திருந்தவர்களில் யாரோ மாற்றியது, தட்டு வைத்தது. ஆகவே இவ்வாய்வின் முடிபுகள் தட்டுக்கார மரபுக்கே பொருந்தும்.

ஓர் ஆட்சேபம் எழும். மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்க யோசிக்கும் ஊரில் சோக் எதற்கு? இதைக் கேட்பவர்கள் பழைய கார் வைத்திருக்காதவர்கள். ஓடுகிற எஞ்சினின் சூட்டோடு ஒப்பிட்டால் 20 டிகிரி என்பது இமயமலை. அரை நிமிஷம்தான் தேவை; ஆனால் அந்த அரை நிமிஷம் இல்லாவிட்டால் பேட்டரி தீரும்வரை ஸ்டார்ட்டர் மோட்டார் ஊளையிட வேண்டியதுதான். வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கங்கள் உண்டு. விடியற்காலையில் வருகிற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் தெருவில் இரு வேறு கருத்துகள் நிலவின.

கடந்த ஐப்பசி மழையில், டேஷ்போர்டைத் தாண்டி ஒயர் வளைகிற இடத்தில் அதன் வெளியுறையான அவுட்டருக்குள் துரு ஏறி, ஒரு காலை குமிழ் ஒரு முழக் கம்பியோடு என் கைக்கே வந்துவிட்டது. அதன்பின் நான் கண்ட சிந்தனைப் பள்ளிகள் மூன்று.

முதலாவது, உள்ளங்கைப் பள்ளி. இதன்படி ஒயரே வேண்டாம்; கார்புரேட்டர் வாயைக் கையால் பொத்தினால் போதும். ஹெரால்டுக்கு இது வசதி. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் கவிழ்ந்து திறப்பதால், முன்டயர் மேல் உட்கார்ந்துகொண்டே பொத்தலாம். ஆனால் சாவி திருக இன்னோர் ஆள் வேண்டும். இரண்டு வாரம் ஒத்துழைத்த என் மனைவி மூன்றாம் வாரம், “ஏங்க, தெருவே வேடிக்கை பாக்குது. பஸ்ல போங்க” என்றாள். உள்ளங்கைப் பள்ளி அன்றோடு மூடப்பட்டது.

இரண்டாவது, பிரேக் ஒயர்ப் பள்ளி. இரும்புலியூர் மெக்கானிக் ஒருவர் சைக்கிள் பிரேக் ஒயரை மாட்டி, “இதுவும் ஒயர்தானே சார்” என்றார். இங்கேதான் ஆய்வு சூடு பிடிக்கிறது. உறைக்குள் ஓடும் இவ்வகை ஒயருக்கு 1896-ல் காப்புரிமை பெற்றவர் எர்னஸ்ட் பௌடன். ராலே சைக்கிள் கம்பெனியின் ஃபிராங்க் பௌடன்தான் அவர் என்று தவறாகச் சொல்வோரும் உண்டு; ஆசிரியர் பெயர்க் குழப்பம் நம் சங்க இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. யார் பௌடனாக இருந்தாலும் பிரேக் ஒயர் பல இழை முறுக்கியது. இழுத்தால் வரும், தள்ளினால் உள்ளுக்குள்ளேயே நெளிந்து படுத்துக்கொள்ளும். பிரேக்கில் திரும்ப இழுக்க ஸ்பிரிங் இருக்கிறது. என் சோக் தட்டில் அப்படி வலுவான ஸ்பிரிங் இல்லை. திறப்பதும் ஒயரின் வேலைதான்.

விளைவு: மாட்டிய மறுநாள் வண்டி முதல் திருகிலேயே கிளம்பியது. குமிழை உள்ளே தள்ளினேன், போயிற்று. தட்டு மட்டும் மூடியே இருந்தது. ஜிஎஸ்டி சாலையில் கரும்புகை கக்கிக்கொண்டு போன வண்டி, சரியாகத் தாம்பரம் சானடோரியம் எதிரில் இருமி நின்றது. 1928-ல் காசநோயாளிகளுக்காக டாக்டர் சௌரி முத்து அந்த மருத்துவமனையைத் தொடங்கியபோது இப்படியொரு நோயாளியை எதிர்பார்த்திருக்க மாட்டார். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் நான்கும் கண்மை. இன்னும் சில நாள் அப்படியே ஓட்டியிருந்தால் மிகுதிப் பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் ஆயிலைக் கழுவி இறக்கியிருக்கும்.

மூன்றாவது, ஒற்றைக் கம்பிப் பள்ளி. நான் சேர்ந்திருப்பது இதில். முறுக்கு இல்லாத ஒரே எஃகுக் கம்பி; பியானோவில் கட்டுகிற ரகம். இழுக்கவும் தெரியும், தள்ளவும் தெரியும். புதுப்பேட்டையில் நாலு கடை ஏறினேன். எந்த வண்டிக்கு என்று கேட்ட ஒவ்வொருவரும், பதிலைக் கேட்டதும் என்னைத் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு பார்த்தார்கள். ஐந்தாவது கடைப் பெரியவர் மட்டும் பழைய துண்டை வாங்கி விரலால் நெருடிப் பார்த்துவிட்டு, “வண்டி பேரு எதுக்கு? நீளம் சொல்லு” என்றார். ஆராய்ச்சி முறையியலில் இதைவிடத் தெளிவான வாக்கியத்தை நான் கேட்டதில்லை.

பொருத்தும் முறை சுருக்கமாக. கம்பிக்குக் கிரீஸ் தடவி அவுட்டருக்குள் விட வேண்டும். ஒற்றைக் கம்பி முழங்கை மடக்கை மன்னிக்காது. வளைவை அகலமாக விட வேண்டும். குமிழை முழுக்க உள்ளே தள்ளி, ஒரு மூன்று மில்லிமீட்டர் வெளியே இழுத்து வைத்து, தட்டை முழுதாகத் திறந்த நிலையில் பிடித்துக்கொண்டு திருகை முடுக்க வேண்டும். அந்தச் சிறு இடைவெளி இல்லாவிட்டால் குமிழ் உள்ளே போனாலும் தட்டு அரைக்கண் மூடியே இருக்கும். மிச்சக் கம்பியை வெட்டி நுனியை மடக்கிவிடுங்கள். மடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கான தரவு என் வலது கட்டைவிரலில் இருக்கிறது.

வண்டி இப்போது விடிகாலையில் ஒரே திருகில் கிளம்புகிறது. கம்பியோடு பிய்ந்து வந்த பழைய குமிழ்தான் விரிசல் விட்டுவிட்டது. அந்த இடத்தில் ஒரு மாவுருண்டை எம்சீல் இருக்கிறது. பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் உங்கள் வீட்டுப் பரணில் ஹெரால்ட் சோக் குமிழ் எங்காவது கிடந்தால் சொல்லியனுப்புங்கள். கம்பி வேண்டாம், குமிழ் மட்டும்.